குறையில்லாத வண்டி

முன் இடது சக்கரத்தின் நடுவில் இருந்த பெரிய நட்டு, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை அசைந்து கொடுக்கவில்லை. திருமூர்த்தி அதற்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஸ்பேனரின் பிடிமேல் ஏறி நின்றும் பார்த்தார். அவருடைய அறுபத்து நாலு கிலோவை அந்த நட்டு ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, இன்னும் எத்தன நேரமுங்க இந்தப் பிரேக்க மிதிச்சுட்டே உக்காந்திருக்கறது? அடுப்புல பருப்பு கெடக்குது," என்றாள் புவனா, காரின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து.

"நாஞ் சொல்ற வரைக்கும் கால எடுக்காத. எடுத்தீன்னா சக்கரம் சுத்தும். நட்டு கழலாது."

"கழலாட்டி வுடுங்க. வண்டிய வாங்கற அந்தப் பொண்ணுதான் திங்கக்கெழம வந்து எடுத்துக்கறன்னு சொல்லிருச்சல்ல? சத்தத்தோடயே ஓட்டிட்டுப் போகட்டும்."

திருமூர்த்தி கொல்லைப்பக்கம் போனார். போர்வெல்லுக்கு வாங்கி மிச்சமான இரும்புக் குழாய் ஒன்று அங்கே கிடந்தது.

அவர் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். ஓடுகிற மோட்டாரின் மேல் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, அதன் கட்டைப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே அச்சைத் தாங்கிச் சுழலும் பேரிங் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். நன்றாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்பு. மோட்டார்களைப் பூட்டுகிற ஃபிட்டர்கள் அவருடைய காதை நினைத்துச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள் என்று பேச்சு உண்டு.

கண்ணில் புரை எடுத்த பிறகு எதிர் வண்டி வெளிச்சம் கூசியது. பதினாறு வருஷமாக வைத்திருந்த சின்னக் காரைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். எட்டு மாதமாகவே அது நாற்பதைத் தாண்டினால் அடித்தொண்டையில் முனக ஆரம்பிக்கும். அறுபதில் அந்த முனகல் ஊளையாகிவிடும். சக்கரத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். கொடுக்கப் போகிற வண்டிதானே என்று இருந்துவிட்டார்.

போன வியாழக்கிழமை கிணத்துக்கடவில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, இளநீர்க் கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். பெயர் யாஸ்மின் என்றாள். பொள்ளாச்சிப் பக்கம் வேலை.

"ஐயா, இந்த வண்டி உங்களதுங்களா? ரெண்டு மைலாப் பொறத்தாலயே வாரனுங்க. குடுக்கறாப்ல எண்ணமிருக்குதுங்களா?"

"குடுக்கலாம்னுதானுங்கம்மணி இருக்கறன். ஆனா, முன்னாடி சக்கரத்துல பேரிங் கத்துதுங்களே."

"கேட்டுச்சுங்க. அதுக்கென்னங்க, பரவால்லீங்க. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்க. எப்படி இருக்குதோ அப்படியே குடுங்க. சோலிக்கு வேணுமுங்க."

அந்த ஒரு வார்த்தைதான் திருமூர்த்தியை ஆட்டிவிட்டது. ஸ்கூட்டரில் வெயிலிலும் மழையிலும் அலைகிற பிள்ளை. குறையைக் காட்டிப் பேரம் பேசாமல், குறையோடு எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. அப்படிப்பட்டவளுக்குக் குறையோடு கொடுக்க மனசு எப்படி வரும்?

சொல்லிவிட்டுத்தானே கொடுக்கிறீர்கள் என்பது புவனாவின் வாதம். திருமூர்த்திக்கு அது போதவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் புவனாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு சித்திரை மாதம். கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு மோட்டாரில் மெல்லிய கரகரப்புக் கேட்டது. மேனேஜர் பின்னால் வந்து நின்று, இதற்கெல்லாமா சிவப்பு ஒட்டுவது என்றார். திருமூர்த்தி பச்சை ஒட்டினார். ஒரு மாதம் கழித்து நெகமத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயி அந்த மோட்டாரை வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். இருநூறு தென்னங்கன்று காய்ந்து போயிருந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. மோட்டாரைச் சோதித்தவர் யார் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு நேரே வந்து நின்றார்.

"ஏனுங்க, நீங்க காது வெச்சுக் கேக்கறப்ப இது நல்லாத்தான் ஓடுச்சுங்களா?"

"நல்லாத்தான் ஓடுச்சுங்க," என்றார் திருமூர்த்தி.

"அப்பச் சரிங்க. எல்லாம் என்ற கெட்ட நேரமுங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு திருமூர்த்தி கையால் குறையுள்ள பொருள் எதுவும் வெளியே போனதில்லை.

ஸ்பேனரின் பிடியில் குழாயை மாட்டித் தம் பிடித்து அழுத்தினார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நட்டு கழன்றது. குழாய் கையோடு வந்துவிட, திருமூர்த்தி மல்லாந்து கறிவேப்பிலைத் தொட்டியின் மேல் விழுந்தார். தொட்டி இரண்டாகப் பிளந்தது.

"இப்பக் கால எடுத்துக்கட்டுங்களா?" என்றாள் புவனா.

பருப்பு தீய்ந்த வாசம் போர்டிகோ வரை வந்திருந்தது.

மத்தியானம் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டை வெளியே எடுத்தார். பழைய பேரிங் வரவில்லை. மெதுவாகத் தட்டினார், வரவில்லை. ஓங்கித் தட்டினார். பேரிங் இரண்டாகப் பிரிந்தது. பாதி அச்சோடு ஒட்டிக்கொண்டது. பாதி கூட்டுக்குள்ளேயே நின்றது. நடுவில் இருந்த குண்டுகள் போர்டிகோ முழுக்க ஓடின. பதினோரு குண்டுகளை அவர் பொறுக்கினார். மிச்சம் ஒவ்வொன்றாக அடுத்த இரண்டு நாளில் புவனாவின் காலுக்கடியில் கிடைத்தன.

இதற்குமேல் கையால் ஆகாது, அழுத்துகிற பிரஸ் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பிரஸ் வைத்திருக்கிற ஆளையும் தெரியும். அவனிடம் போகத்தான் மனம் வரவில்லை. ஒண்டிப்புதூரில் பட்டறை போட்டிருக்கும் அப்புசாமி, கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். அவன் பூட்டிய மோட்டார்களுக்குத் திருமூர்த்தி ஒட்டிய சிவப்புச் சீட்டுகளை அடுக்கினால் ஆள் உயரம் வரும்.

சூலூரில் இரண்டு மெக்கானிக்குகளிடம் கேட்டார். இருவருமே புதன்கிழமை பார்க்கலாம் என்றார்கள். யாஸ்மின் வரப்போவது திங்கட்கிழமை பத்து மணிக்கு.

சனிக்கிழமை காலை இரும்புக் கூட்டையும், பாதிப் பேரிங் ஒட்டிய அச்சையும், புதுப் பேரிங்கையும் ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு திருமூர்த்தி பஸ் ஏறினார். கூடையை ஓரம் தள்ளப் போன கண்டக்டரால் அதை அசைக்க முடியவில்லை.

"ஐயா, உள்ள என்னங்க இப்படிக் கனக்குது?"

"காருங்க."

கண்டக்டர் கூடையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மிச்சமுங்க?"

"ஊட்டுல இருக்குதுங்க."

அப்புசாமி பட்டறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"வாங்க சார். என்னுங்க சார், இத்தன தூரம்?"

திருமூர்த்தி விஷயத்தைச் சொன்னார். அப்புசாமி கூட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பழைய பாதிகளைக் கால் மணியில் எடுத்துவிட்டான். புதுப் பேரிங்கைப் பிரஸ்ஸில் வைக்கும்போது திருமூர்த்தி குனிந்து பார்த்தார்.

"அப்புசாமி, வெளி வளையத்துல வெச்சு அமுக்குனா கோணிக்கும். உள் வளையத்துல வெச்சு அமுக்கு."

"சார், உள் வளையத்துல அமுக்குனா பாரமெல்லாம் குண்டு மேலல்லங்க எறங்கும்."

"முப்பத்து நாலு வருசமாப் பேரிங் கேட்டவன் சொல்றன். அமுக்கு."

அப்புசாமி அமுக்கும் இடத்தை மாற்றி வைத்தான். அவர் சொன்னபடியே அமுக்கினான். பிறகு ஆணியில் தொங்கிய நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, துணியில் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். திருமூர்த்தி நுனியை வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, சக்கரத்தின் அச்சைக் கையால் சுற்றினார். சுற்றி முடிக்கும் முன்பே கேட்டுவிட்டது. குண்டு ஒவ்வொன்றும் தன் இடம் வரும்போது சன்னமாகப் பல்லைக் கடித்தது.

அவர் மறுபடி சுற்றினார். மறுபடியும் கேட்டது.

"என்னுங்க சார்?"

"ரிஜெக்ட்," என்றார் திருமூர்த்தி. தன் வேலைக்குத் தானே அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்புசாமி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "போச்சாதுங்க சார், வுடுங்க. வேற ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்றனுங்க," என்றான். "நீங்க சித்த அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

இரண்டாவது பேரிங் அவன் கையால், அவன் முறையில் ஏறியது. மறுபடி ஸ்க்ரூ டிரைவர் வந்தது. திருமூர்த்தி வெகு நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"பாஸ்."

அப்புசாமி டீ டம்ளரைக் கையில் எடுத்தான். அது ஆறிப் போயிருந்தது. "சார், கம்பெனியில இருந்த வரைக்கும் நீங்க எனக்கு வாயால இதச் சொன்னதில்லீங்க," என்றான். "சீட்டு ஒட்டீட்டுப் போயிருவீங்க."

திருமூர்த்தி ஸ்க்ரூ டிரைவரை ஆணியில் திரும்ப மாட்டினார். கூடையைத் தூக்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாஸ்மின் போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, வண்டி எப்படி இருக்குதுங்க?"

முக்கால் வண்டி போர்டிகோவிலும் கால் வண்டி கையிலும் இருந்தது. "நல்லா இருக்குதுங்கம்மணி."

"அதுல எதுவும் கை வெச்சிராதீங்கய்யா. உங்களுக்கு எதுக்குங்க செரமம்? எனக்கு அப்படியே இருந்தாத்தான் சௌகரியமுங்க."

"சரிங்கம்மணி."

வீட்டுக்கு வந்ததும் புவனாவிடம் இதைச் சொன்னார். "பெரியவருக்குச் செரமம் குடுக்கப்படாதுன்னு நெனைக்குது பாரு. இந்தக் காலத்துல இப்பேர்ப்பட்ட மனசு யாருக்கு வரும்?"

"அதுதான் வேண்டாம்னு அவ்வளவு தூரம் சொல்லுதல்லங்க," என்றாள் புவனா.

"அதுனாலதான் செய்யோணும்."

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டினார். புவனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சூலூர் குளத்து ரோட்டில் ஓட்டினார். நாற்பது தாண்டியது. இடது பக்கத்து முனகல் சுத்தமாகப் போயிருந்தது. திருமூர்த்தியின் முகம் மலர்ந்தது. ஐம்பதில் அது மெதுவாகச் சுருங்கியது.

"என்னுங்க? போயிருச்சல்ல?"

"ஒண்ணு போச்சு."

இடது சக்கரம் இரைந்த இரைச்சலில் இத்தனை நாள் வாயைத் திறக்க முடியாமல் இருந்த வலது சக்கரம் இப்போது பேச ஆரம்பித்திருந்தது. அதற்கும் பின்னால், வேறு குரலில், இன்னும் ஏதோ ஒன்று. ஒன்றா இரண்டா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. முப்பத்து நாலு வருஷம் கேட்ட காது எட்டு மாதமாக ஒரு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் அவருக்கு உள்ளூர வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. காலை ஏழு மணிக்கு அப்புசாமி தன் மொபெட்டில் சாமான் பையும் மூன்று புதுப் பேரிங்குமாக வந்து இறங்கினான். முந்தின இரவு போனில் திருமூர்த்தி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். வா என்று மட்டும் கூப்பிடவில்லை.

"சாவி குடுங்க சார்," என்றான் அப்புசாமி. "நான் பூட்டறன். நீங்க கேளுங்க. நமக்கு அதுதானுங்க வரும்."

பத்து மணிக்கு வண்டிக்கு ஒரு சக்கரமும் இல்லை. நாலு மூலையிலும் தென்னங்கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பால்காரர் வாசலில் நின்று வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பார்ட்டு பார்ட்டாக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். புவனா பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "அது எனக்கே தெரீலீங்க," என்றாள்.

வலது முன் சக்கரத்துக் கூட்டை மொபெட்டில் வைத்து ஒண்டிப்புதூருக்குக் கொண்டுபோய் அழுத்திக்கொண்டு வந்தான் அப்புசாமி. பின் சக்கரம் ஒன்றைத் திறந்தபோது உள்ளே கிரீஸ் தார் மாதிரிக் கெட்டித்திருந்தது. இன்னொன்றைத் திறந்தபோது பிரேக் ஸ்பிரிங் ஒன்று பறந்து காம்பவுண்டுச் சுவர் தாண்டி விழுந்தது. திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துக் காலி மனையில் சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் தேடினார். கையெல்லாம் கீறலோடு ஸ்பிரிங்கை எடுத்து வந்தபோது, அப்புசாமி வேறு ஒரு ஸ்பிரிங்கை மாட்டி முடித்திருந்தான்.

ஒவ்வொரு சக்கரமும் பூட்டியதும் ஸ்க்ரூ டிரைவர் கை மாறும். "பாஸ்" என்பார் திருமூர்த்தி, வாய் திறந்து, நன்றாகக் கேட்கும்படி. மூன்று தடவை சொன்னார். மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். புவனா அப்புசாமிக்கு இரண்டு தடவை ரசம் ஊற்றினாள்.

நாலரை மணிக்கு மூவருமாகக் குளத்து ரோட்டில் போனார்கள். நாற்பது. ஐம்பது. அறுபது. வண்டிக்குள் எதுவும் கேட்கவில்லை. சாவிக்கொத்து ஆடுவது கேட்டது. புவனாவின் வளையல் உரசுவது கேட்டது. பின்னால் அப்புசாமி மூச்சு விடுவது கேட்டது.

திருமூர்த்தி வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு கூசுதுங்களா?" என்றாள் புவனா.

"இல்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்."

அவர் கையால் அனுப்பப்போகிற கடைசிப் பொருள் அது. அதில் ஒரு குறை இல்லை.

திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே யாஸ்மின் வந்துவிட்டாள். கூடவே, அவள் வேலை செய்யும் இடத்தில் உதவியாளராக இருக்கும் ரிஃபத் என்ற முப்பது வயது ஆளும் வந்திருந்தான். ஒரு சீப்பு நேந்திரம்பழமும் கொண்டு வந்திருந்தார்கள். திருமூர்த்தி வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். கைக்கீறல்கள் தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை.

"ஒருக்கா ஓட்டிப் பாருங்கம்மணி," என்று சாவியைக் கொடுத்தார். தானே பக்கத்தில் ஏறிக்கொண்டார். ரிஃபத் பின்னால் உட்கார்ந்தான்.

மெயின் ரோடு ஏறியதும் யாஸ்மின் வேகத்தைக் கூட்டினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். வேகத்தைக் குறைத்து, மறுபடி கூட்டினாள். ஒரு வளைவில் வேண்டுமென்றே வண்டியை இடதும் வலதுமாக ஒடித்துப் பார்த்தாள். திருமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விஷயம் தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

"ஐயா," என்றாள் அவள் கடைசியில். "கிணத்துக்கடவுல நான் பாத்தது இந்த வண்டிதானுங்களா?"

"இதேதானுங்கம்மணி."

"சத்தத்தக் காணமுங்களே."

"நாலு சக்கரத்துக்கும் பேரிங் புதுசாப் போட்டாச்சுங்க. மூணு நாளு வேலை. நீங்க வேண்டாம்னு சொன்னது உங்க நல்ல மனசு. குறையோட குடுக்க எனக்கு மனசு வரோணுமல்லங்க?"

பின் சீட்டில் ரிஃபத் இருமினான். திரும்பி வரும் வழி முழுக்க யாஸ்மின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது அவள் கண் லேசாகக் கலங்கியிருந்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குதுங்கய்யா," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நெம்ப நல்லா இருக்குதுங்க," என்றாள்.

புவனா அவளைக் காபிக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பிள்ளைக்கு வாயில் வார்த்தை வரவில்லை என்பது திருமூர்த்திக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் நடந்து போன விதம், துக்க வீட்டுக்குள் போகிற மாதிரி இருந்தது. ரிஃபத் முன் சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து, அதை இரக்கத்தோடு தடவிக்கொண்டிருந்தான். திருமூர்த்தி அவனருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஏந்தம்பி, உங்க மேடத்துக்கு வண்டியில எதாச்சும் கொறையாத் தெரியுதுங்களா?"

ரிஃபத் வீட்டு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"உங்க மனசு நோகும்னு அவங்க சொல்ல மாட்டாங்கய்யா, எங்க பாலிடெக்னிக்குல பிள்ளைகளுக்குப் பேரிங் போன வண்டி எப்படிக் கத்தும்னு காட்டோணும்னு ஒரு வருசமாத் தேடுனாங்க, நாலு சக்கரமும் சேந்து ஒட்டுக்காக் கத்துன வண்டி உங்களது ஒண்ணுதானுங்க கெடச்சுது."